திருடியவரிடமிருந்தும் சொத்தைச் சேதப்படுத்தியவரிடமிருந்தும் நஷ்டஈடு பெறுவது எப்படி?

குற்றவாளி பிடிபட்டு, வழக்கு நடந்து, தண்டனையும் கிடைத்த பிறகுதான் பலருக்கு அந்தக் கேள்வி வருகிறது: "சரி, என் நஷ்டத்துக்கு யார் பதில்?" அப்போது கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். நஷ்டஈடு வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் இழப்பு எவ்வளவு என்ற கணக்கு வழக்குக் கோப்பில் இருந்தால்தான் நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவு போட முடியும். அந்தக் கணக்கை முதல் நாளே எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்துமூலம் கேட்க வேண்டியவர் நீங்கள்தான். உங்களுக்காக வேறு யாரும் கேட்க மாட்டார்கள்.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.), குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.எஸ்.) நடைமுறையில் உள்ளன. கீழே வரும் பிரிவு எண்கள் புதிய சட்டங்களுக்கானவை: 303, 305, 324, 331 ஆகியவை பி.என்.எஸ்.இல் உள்ளவை, சட்டத்தின் பெயர் சொல்லாத மற்றவை பி.என்.எஸ்.எஸ்.இல் உள்ளவை. அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டப் பிரிவுகளே பொருந்தும்.

புகாரிலேயே கணக்கைத் தொடங்குங்கள்

பொருள் போனது தெரிந்ததும் வீட்டைக் கூட்டிப் பெருக்காதீர்கள், உடைந்த பூட்டைக் கழற்றாதீர்கள். கைரேகை எடுத்து, படம் பிடித்து, போலீஸ் பார்வை மகஜர் (இடத்தைப் பார்த்து எழுதும் பதிவு) எழுதி முடிக்கும்வரை எல்லாம் அப்படியே இருக்கட்டும். கேமரா பதிவு பல கருவிகளில் சில நாட்களில் தானாகவே அழிந்துவிடும். பக்கத்து வீட்டுக் கேமராவாக இருந்தாலும் அன்றைக்கே பிரதி எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பதிவு நீதிமன்றத்தில் செல்லுபடியாக வேண்டுமானால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63(4)இன்படி சான்றிதழ் வேண்டும். கருவி யார் பொறுப்பில் இருந்ததோ அவரும் ஒரு நிபுணரும் அதில் கையெழுத்திட வேண்டும். கேமரா உரிமையாளரின் பெயரைப் போலீஸ் விசாரணை அதிகாரியிடம் முன்னதாகவே கொடுத்துவிடுவது நல்லது.

புகாரில் "நகைகளும் பணமும் போய்விட்டன" என்று எழுதுவதுதான் பிற்பாடு பெரிய தொல்லையாக முடிகிறது. பொருள் வாரியாக எழுதுங்கள். நகை என்றால் வகை, எடை, கல் இருந்ததா, என்ன அடையாளம், எந்தக் கடையில் எந்த வருடம் வாங்கியது. மொபைல் என்றால் ஐ.எம்.இ.ஐ. எண். வண்டி என்றால் பதிவு எண்ணோடு என்ஜின் எண், சேஸிஸ் எண். ரொக்கம் என்றால் அது எங்கிருந்து வந்தது: வங்கியில் எடுத்ததா, சீட்டுப் பணமா. சேதம் என்றால் என்ன உடைந்தது, அதைச் சரிசெய்ய ஆகும் செலவு என்ன.

நகை எடையை நெருங்கிப் பார்ப்போம். புகாரில் "10 சவரன்" என்று மட்டும் இருக்கிறது, அதாவது 80 கிராம். அடகுக் கடையிலிருந்து கைப்பற்றிய மகஜரில் 74.200 கிராம் என்று இருக்கிறது. கல்லைக் கழற்றியிருப்பார்கள், நெக்லஸின் ஒரு துண்டை விற்றிருப்பார்கள். ஆனால் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு வழக்கறிஞர் "இது இவருடைய நகையே இல்லை" என்று வாதிட அந்த 5.800 கிராம் போதும். புகாரிலேயே "இரட்டை வடச் சங்கிலி 32 கிராம், கல் வைத்த நெக்லஸ் 28 கிராம், வளையல் இரண்டு 20 கிராம்" என்று பிரித்து எழுதியிருந்தால், சங்கிலியும் வளையலும் அப்படியே பொருந்தும், நெக்லஸில் மட்டும் குறைவு என்று காட்டலாம். உருக்கிக் கட்டியாகிவிட்டால் நகையின் அடையாளமே போய்விடும். அப்போது விற்றவர், வாங்கியவர் வாக்குமூலங்களும் எடைக் கணக்கும்தான் துணை நிற்கும்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு பொருளும் காணவில்லை என்று தெரிந்தால் உடனே கூடுதல் வாக்குமூலம் கொடுங்கள். குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு புதிதாகச் சொல்லும் பொருளை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். ஒன்று இரண்டைக் கூட்டிச் சொல்வது அதைவிட மோசம். ஒரு பொய் வெளிப்பட்டால் மீதி உண்மையும் அடிபடும்.

தமிழ்நாட்டில் காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். அது மனு வாங்கியதற்கான ரசீது மட்டுமே. நஷ்டஈட்டுப் பாதை தொடங்குவது முதல் தகவல் அறிக்கையில்தான். 173ஆம் பிரிவின்படி எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மின்னணு வழியில் அனுப்பினால் 3 நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுத்துமூலம் அனுப்புங்கள். அதற்கும் பயன் இல்லையென்றால் 175(3)இன்படி உறுதிமொழிப் பத்திரத்துடன் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம். எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீது இல்லாமல் நடுவரிடம் போனால் மனு அங்கேயே நின்றுவிடும்.

மதிப்பு எவ்வளவு என்பது பிரிவையும் தீர்மானிக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறை திருடியவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூகசேவைதான் தண்டனை. சொத்துச் சேதத்தில் 324ஆம் பிரிவு 20,000 ரூபாய், 1 லட்சம் ரூபாய் என்ற இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. 20,000 முதல் 1 லட்சத்துக்குள் என்றால் 2 ஆண்டு வரை, 1 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 5 ஆண்டு வரை சிறை. அதனால்தான் பழுதுபார்ப்பதற்கான மதிப்பீடு புகாரோடு போக வேண்டும். கடையின் பெயர் அச்சிட்ட தாளில், தேதியோடு, பொருளும் கூலியும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பழுதுபார்த்த பிறகு ஜி.எஸ்.டி. பில்லையும் சேர்த்து வையுங்கள். பத்து வருடப் பழைய டிவிக்குப் புது டிவியின் விலையைக் கேட்டால் மொத்தக் கணக்கின் மேலும் நம்பிக்கை குறையும். தேய்மானம் கழித்துக் கேளுங்கள்.

மீட்கப்பட்ட பொருள் காவல் நிலையத்தில் கிடக்க வேண்டியதில்லை

போலீஸ் கைப்பற்றிய பொருள், தமிழ்நாட்டு வழக்கப்படி, படிவம் 95 மூலம் நீதிமன்றத்துக்குப் போகும். வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. பொருள் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்தால் 497ஆம் பிரிவு, இன்னும் போலீஸ் கையில்தான் இருக்கிறது என்றால் 503ஆம் பிரிவு. இவற்றின்படி இடைக்காலப் பொறுப்பில் திருப்பித் தரும்படி மனு போடலாம். 497இன்படி பொருள் ஆஜர்படுத்தப்பட்ட 14 நாட்களுக்குள் நீதிமன்றம் அதன் விவரப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், அதிலிருந்து 30 நாட்களுக்குள் பொருளை என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும். படங்களே விசாரணையில் சாட்சியமாகும். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002இலேயே உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. வண்டிகள் நிலைய வாசலில் துருப்பிடித்துக் கிடப்பதால் யாருக்கும் பயனில்லை என்பதுதான் அதன் சாரம்.

மனுவோடு எஃப்.ஐ.ஆர். நகல், கைப்பற்றுதல் மகஜர், படிவம் 95 நகல், வாங்கிய பில் அல்லது ஆர்.சி. புத்தகம், அடையாள அட்டை ஆகியவற்றை இணையுங்கள். பில் தொலைந்திருந்தால் கடையில் நகல் கேளுங்கள். அந்த நகையை அணிந்திருக்கும் பழைய திருமணப் படம்கூடப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. அரசு உதவி வழக்கறிஞரும் விசாரணை அதிகாரியும் ஆட்சேபம் இல்லை என்று சொன்னால் வேலை சுலபம்.

நீதிமன்றம் ஒரு தொகைக்குப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கும். விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கும். கையில் வந்த சங்கிலியை அழித்து வேறு டிசைனில் செய்துவிட்டால், சாட்சிக் கூண்டில் காட்ட வேண்டிய நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

அடகுக் கடைக்காரரோ வாங்கியவரோ "நான் பணம் கொடுத்து வாங்கினேன், எனக்குத்தான்" என்று ஆட்சேபித்தால் பயப்பட வேண்டாம். திருடியவருக்கு இல்லாத உரிமை அவரிடம் வாங்கியவருக்கு வராது என்பது பொதுவிதி. நல்லெண்ணத்தோடு வாங்கியவர் குற்றவாளியிடம் கைப்பற்றிய பணத்திலிருந்து தன் தொகையைக் கேட்க 499இல் வழி இருக்கிறது.

திருட்டுப் பணத்தில் வண்டியோ நிலமோ வாங்கியிருந்தால் 107ஆம் பிரிவை நினைவில் வையுங்கள். விசாரணை அதிகாரி, எஸ்.பி. அல்லது ஆணையரின் ஒப்புதலோடு, அந்தச் சொத்தை முடக்க நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். குற்றத்தால் வந்தது என்று முடிவானால் மாவட்ட ஆட்சியர் வழியாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 60 நாட்களுக்குள் விகிதப்படி பிரித்துத் தரச் சட்டம் சொல்கிறது. புதிய வழி என்பதால் தானாக நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சொத்து விவரம் தெரிந்தால் அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

தீர்ப்போடு வரும் நஷ்டஈடு: 395ஆம் பிரிவு

மீட்கப்படாத பொருளுக்கும் உடைந்ததற்கும் இதுதான் முக்கிய வாசல். இங்கேதான் அதிகம் தவறவிடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பிரிவுக்குள் இரண்டு வழிகள் இருக்கின்றன. 395(1)இல், விதித்த அபராதத்திலிருந்து நஷ்டஈடு தரலாம். 395(3)இல், அபராதம் தண்டனையின் பகுதியாக இல்லாதபோது தனியாக நஷ்டஈடு கட்டச் சொல்லலாம். வேறுபாடு சின்னதாகத் தெரிந்தாலும் பணத்தில் பெரிய வித்தியாசம் வரும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் விதிக்கக்கூடிய அபராதம் 50,000 ரூபாய்க்கு மேல் போகாது. 6 லட்சம் இழந்தவருக்கு, நடுவர் 5,000 ரூபாய் அபராதம் விதித்துவிட்டால், அந்த 5,000 முழுவதும் வந்தாலும் அவ்வளவுதான். 395(3)இன் நஷ்டஈட்டுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. ஆனால் அபராதம் விதித்த அந்தக் கணமே அந்தக் கதவு மூடிவிடும். இதற்கு இணையான, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஆம் பிரிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2011இல் ஆர். விஜயன் வழக்கில் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறது.

303(2)இல் சாதாரணத் திருட்டுக்குச் சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அதாவது அபராதம் இல்லாமலும் தண்டிக்கலாம். அங்கே அபராதத்துக்குப் பதில் 395(3)இன்படி நஷ்டஈடு தரும்படி கேளுங்கள். வீட்டுக்குள் திருடிய 305இல் அபராதமும் சேர்ந்து வருகிறது. அங்கே குறைந்தது அபராதம் உயர்ந்த அளவில் இருக்கட்டும், முழுவதும் எனக்கு வரட்டும் என்று கேட்க வேண்டும். மீதிக்குச் சிவில் வழக்கு.

எப்போது கேட்பது? சாட்சி சொல்லும் நாளில் தொகையைச் சொல்லுங்கள். பில், மதிப்பீடு, படம் எல்லாவற்றையும் அரசு தரப்புச் சான்றாவணமாகக் குறியீடு செய்யச் சொல்லுங்கள். அந்த வாய்தாவுக்கு முன்பே அரசு உதவி வழக்கறிஞரைப் பார்த்து ஒரு பக்கப் பட்டியலைக் கொடுங்கள். அவர் கையில் அன்று இருபது வழக்குகள் இருக்கலாம். உங்கள் பில் அவர் கண்ணில் படாமலே சாட்சியம் முடிந்துவிடும். நீங்கள் சொந்தமாக வழக்கறிஞர் வைத்து அரசுத் தரப்புக்கு உதவவும் அனுமதி கேட்கலாம். இறுதி வாதத்துக்கு முன் ஒரு சிறிய மனு போதும் (அ.சா. என்பது அரசுத் தரப்புச் சாட்சி, அ.சா.ஆ. என்பது அரசுத் தரப்புச் சான்றாவணம்):

"இவ்வழக்கின் அ.சா.1ஆகிய நான் குற்றச்செயலால் பாதிக்கப்பட்டவன். மீட்கப்படாத நகை 28 கிராம், உடைக்கப்பட்ட தலைவாசல் கதவு, பீரோ ஆகியவற்றுக்கான இழப்பு அ.சா.ஆ.4 முதல் 7 வரை உள்ள ஆவணங்களால் நிரூபிக்கப்பட்டுள்ளது. எதிரி குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டால், இணைப்புப் பட்டியலில் கண்ட தொகையை பி.என்.எஸ்.எஸ். 395ஆம் பிரிவின்படி நஷ்டஈடாக வழங்கவும், கட்டத் தவறினால் அனுபவிக்க வேண்டிய சிறைத்தண்டனையையும் குறிப்பிடவும் வேண்டுகிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கட்டாவிட்டால் சிறை என்று உத்தரவில் இருக்கும்போது பணம் வரும் வாய்ப்பு பலமடங்கு கூடுகிறது. நஷ்டஈட்டுக்கும் இப்படி விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. நஷ்டஈடு பற்றி ஒவ்வொரு வழக்கிலும் யோசித்து, தருவதற்கோ மறுப்பதற்கோ காரணம் எழுத வேண்டும் என்று 2013இல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் சொல்லியிருக்கிறது. மனுவில் இதைக் குறிப்பிடுங்கள்.

முதல் முறை குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியின்பேரில் விட்டுவிடுவது திருட்டு வழக்குகளில் அடிக்கடி நடக்கிறது. "தண்டனையே இல்லை, இனி நஷ்டஈடு ஏது" என்று எண்ணி எழுந்து போய்விடாதீர்கள். 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, அப்படி விடும்போதும் நஷ்டஈடும் வழக்குச் செலவும் கட்டச் சொல்ல இடம் தருகிறது. குற்றம் செய்தவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் சிறார் நீதிச் சட்டம், 2015இன் 18ஆம் பிரிவின்படி பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம்.

தொகை போதவில்லை என்றால் 413ஆம் பிரிவின் காப்புரையின்படி பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். விடுதலைக்கு எதிராகவும் இதே உரிமை உண்டு. தீர்ப்பு நகலுக்கு அன்றே விண்ணப்பியுங்கள்.

மாநில அரசின் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தை, அதாவது 396ஆம் பிரிவை, பலர் நம்பியிருப்பார்கள். அது உயிரிழப்பு, உடற்காயம், பாலியல் வன்கொடுமை போன்றவற்றுக்காக உருவானது. நகை போனதற்கு அங்கே பணம் கிடைக்கும் என்று அலைய வேண்டாம். வழிப்பறியில் அடிபட்டிருந்தால் அந்தக் காயத்துக்காக மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

சமரசம் பேசும்போது

சாதாரணத் திருட்டு, பொருளின் உரிமையாளர் சம்மதித்தால் சமரசமாகக்கூடிய குற்றம். 305ஆம் பிரிவு வீட்டுத் திருட்டு அந்தப் பட்டியலில் இல்லை. சமரசம் ஆனால் எதிரி விடுதலையானதற்குச் சமம். ஆகவே முழுத் தொகையும் கைக்கு வந்த பிறகே கையெழுத்திடுங்கள். "பாதி இப்போது, மீதி அடுத்த மாதம்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு மறைந்தவர்கள் நிறையப் பேர். டி.டி. அல்லது வங்கிப் பரிமாற்றம், அதுவும் நீதிமன்றப் பதிவில் வரட்டும். லோக் அதாலத் நல்ல இடம். அங்கே ஆகும் தீர்வு சிவில் தீர்ப்பாணைக்குச் சமம்.

7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் 289 முதல் 300 வரையான பிரிவுகளின்படி குற்றப் பேரம் (குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனைக்குப் பேசும் வழி) உண்டு. குற்றச்சாட்டு வனைந்த 30 நாட்களுக்குள் எதிரி விண்ணப்பிக்க வேண்டும். பேச்சில் பாதிக்கப்பட்டவர் அமர வேண்டும், நஷ்டஈடும் செலவும் அதில் சேர வேண்டும். குற்றவாளியிடம் கொஞ்சம் வசதி இருக்கிறது, சிறையைக் குறைக்க விரும்புகிறார் என்றால் பணம் விரைவாக வருவது இந்த வழியில்தான். திருடும் நோக்கில் இரவில் வீட்டை உடைத்த 331(4) சேர்ந்திருந்தால் தண்டனை 14 ஆண்டு வரை போகும் என்பதால் இது கிடைக்காது.

நீதிமன்றத்துக்கு வெளியே ஆட்களோடு போய் மிரட்டி வசூலிப்பது, அடைத்துவைத்துப் பத்திரம் எழுதி வாங்குவது எல்லாம் உங்களையே எதிரியாக்கிவிடும். சமரசத்துக்கு இடமில்லாத குற்றத்தை மறைக்கப் பணம் வாங்குவதும் தனிக் குற்றம்.

ஜாமீன் நேரத்தில் "பணத்தைக் கட்டினால்தான் வெளியே விட வேண்டும்" என்று வாதிடுவதிலும் பெரிய பலன் இல்லை. ஜாமீன் நடவடிக்கை வசூல் நடவடிக்கை ஆகிவிடக் கூடாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சிவில் வழக்கு

குற்றவியல் வழக்கு முடியக் காத்திருக்காமலே சிவில் வழக்கு போடலாம். சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் அங்கே தேவையில்லை, எது கூடுதலாக நம்பத்தக்கது என்று பார்த்தாலே போதும். எதிரி விடுதலையானாலும் சிவிலில் வெல்ல முடிவது அதனால்தான். காலவரம்பு 3 ஆண்டு. திருட்டுப்போன பொருளுக்கு, அது யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்கு முதலில் தெரிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அத்துமீறி நுழைந்து வீட்டைச் சேதப்படுத்தியதற்கு, நுழைந்த நாளிலிருந்தே. குற்றவியல் வழக்கு 5 வருடம் இழுக்கும்போது இந்த 3 வருடம் சத்தமில்லாமல் போய்விடுகிறது. இந்த ஒரு காரணத்தால் கைவிட்டுப்போன நஷ்டஈடுகள் ஏராளம்.

395இன்படி ஏற்கெனவே வந்த தொகை சிவிலில் கழிக்கப்படும். காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்திருந்தால் அந்த அளவுக்குக் குற்றவாளி மீதான உரிமை நிறுவனத்துக்குப் போய்விடும். காப்பீடு ஈடுகட்டாத பகுதிக்கு மட்டும் கேளுங்கள், வாங்கியதை மறைக்காதீர்கள்.

வழக்குப் போடுமுன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: அவரிடம் எடுக்க என்ன இருக்கிறது? வேலை, வண்டி, வீடு, பங்கு வரவேண்டிய பூர்வீகச் சொத்து என விசாரியுங்கள், வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். சமையல் பாத்திரம், உடுப்பு, தொழில் கருவி போன்றவற்றை ஜப்தி செய்ய முடியாது. சொத்தை விற்றுவிடத் துடிக்கிறார் என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 38, விதி 5இன்படி தீர்ப்புக்கு முன்பே முடக்கக் கேட்கலாம். எதுவுமே இல்லாத ஆளிடம் நீதிமன்றக் கட்டணமும் வழக்கறிஞர் கட்டணமும் செலவழித்து வாங்கும் தீர்ப்பு காகிதமாகவே இருக்கும். அந்த நிலையில் 395ஐயும் மீட்ட பொருளையும் பிடித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், வருமான வரம்புக்குக் கீழுள்ளவர்கள் போன்றோருக்குச் சட்ட உதவி இலவசம். அழைப்பு எண் 15100.

உத்தரவு வந்த பிறகு

மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரையும், மேல்முறையீடு போட்டால் அது தீரும்வரையும் பணம் கைக்கு வராது. அதன் பிறகும் கட்டவில்லை என்றால் 461ஆம் பிரிவின்படி அசையும் சொத்தை ஜப்தி செய்யவோ, ஆட்சியர் மூலம் நிலவரி பாக்கி போல வசூலிக்கவோ வாரண்ட் கேட்டு அதே நீதிமன்றத்தில் மனு போடுங்கள். கட்டாததற்கான சிறையை முழுவதும் அனுபவித்துவிட்டார் என்பதால் நஷ்டஈட்டுக் கடன் தீர்ந்துவிடாது. 2017இல் குமரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. மனுவில் அவருடைய சொத்தின் சர்வே எண்ணையோ வண்டியின் பதிவு எண்ணையோ எழுதினால்தான் வாரண்ட் வேலை செய்யும். விவரம் இல்லாத வாரண்ட் "சொத்து ஏதும் இல்லை" என்ற குறிப்போடு திரும்பி வரும்.

சிவில் தீர்ப்பாணைக்கு 12 ஆண்டு ஆயுள். இன்று ஒன்றுமில்லாதவருக்கு ஆறு வருடம் கழித்து ஒரு வீட்டுமனைப் பங்கு வரலாம். ஆண்டுக்கு ஒருமுறை வில்லங்கச் சான்று பார்த்து, கிடைத்த உடனே நிறைவேற்று மனு தாக்கல் செய்யுங்கள்.